கல்லின் பெயரும் கல்லின் ஊரும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய நூதனசாலைகளின் கனியப் பகுதிகளில் ‘சிலோன்’ என்ற ஒரே சொல்லைப் பிறப்பிடமாகக் கொண்ட பழைய கற்கள் இருக்கின்றன. நீலம், புஷ்பராகம், வைடூரியம் என்று இனம் திருத்தமாக எழுதப்பட்டிருக்கும். இரத்தினபுரியா, றக்குவானையா, மாத்தறைப் பக்கமா, எந்த ஆற்றுப் படுகை, எந்த வருடம், யார் தோண்டினார், யார் கைமாற்றினார் என்பதெல்லாம் இராது. முழுத் தீவுக்கும் ஒரு சொல்.

அந்தச் சொல் எதைச் சொல்கிறது, விடுபட்டதில் எவ்வளவை இன்று மீட்கலாம் என்பதே இக்கட்டுரையின் விடயம். பேருவளைப் பக்கத்துக் குடும்பமொன்றின் தகரப் பெட்டியில் கிடந்த 41 பொட்டலங்களுக்கு அட்டவணை எழுதும் வேலை என்னிடம் வந்ததால்தான் இந்தத் தேடலில் இறங்கினேன். அந்தப் பெட்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முதல், பெட்டியைத் திறப்பவன் தெரிந்திருக்க வேண்டிய சில வரலாறுகள் உள்ளன.

முதலாவது, ‘சிலோன்’ என்பது பெரும்பாலும் கல் பிறந்த ஊரல்ல, கல் வாங்கப்பட்ட இடம். காலியிலும் கொழும்பிலும் கப்பல் நிற்கும் ஒன்றிரண்டு நாட்களில் வெள்ளைக்காரப் பிரயாணி ஒருவர் நம்மவர் கடையில் ஒரு பிடி கல் வாங்குவார். ஊருக்குப் போனதும் பெட்டியில் ‘சிலோன்’ என்று எழுதுவார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் அதை நூதனசாலைக்குக் கொடுப்பார்கள். அந்தக் கடையில் இரத்தினபுரிக் கல்லோடு பர்மாக் கல்லும் இந்தியக் கல்லும் இருந்திருக்கலாம் என்பதை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் 563 கெரட் நிறையுள்ள நட்சத்திர நீலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘இந்திய நட்சத்திரம்’. கல்லோ இலங்கையது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1900ஆம் ஆண்டளவில் ஜே. பி. மோர்கன் என்ற செல்வந்தர் அதை நூதனசாலைக்குக் கொடுத்தார். அவருக்காகக் கற்களைத் திரட்டியவர் ஜோர்ஜ் குன்ஸ் என்ற புகழ்பெற்ற இரத்தினவியலாளர். கல்லுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு வரலாறு உண்டு என்று குன்ஸ் எழுதினாரே தவிர, அந்த வரலாறு என்னவென்று எழுதவில்லை. உலகம் அறிந்த கல்லுக்கே கதி இதுவென்றால், சாதாரணக் கல்லுக்கு என்ன இருக்கப்போகிறது?

இரண்டாவது விடயம் மண் சம்பந்தப்பட்டது. கல்லின் ஊரைக் கண்டுபிடிப்பதற்குச் சிறந்த சாட்சி அதனோடு ஒட்டியிருக்கும் தாய்ப்பாறை. இதற்கு நல்ல உதாரணம் குருந்தம். நீலமும் சிவப்பும் சேர்ந்த அந்தக் கனிய இனத்துக்கு இன்று உலகம் முழுதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நமது தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து போனது. சார்ள்ஸ் கிரேவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த குருந்தக் கற்களைப் பற்றி 1798இல் இலண்டன் ரோயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அவருடைய சேகரிப்பை ஆராய்ந்த பூர்நோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1802இல் விரிவான விவரணம் எழுதினார். கர்நாடகப் பிரதேசத்திலிருந்து, அதாவது அன்றைய சென்னை மாகாணத்துப் பகுதியிலிருந்து, வந்த குருந்தம் பாறையோடு சேர்ந்தே வந்திருந்தது. அப்பாறையிலிருந்த துணைக் கனியங்களையும் பூர்நோன் விவரித்தார். நார் நாராக இருந்த ஒன்றுக்கு ‘ஃபைப்ரோலைட்’ என்று புதுப் பெயரும் வைத்தார். அந்தச் சேகரிப்பை 1810இல் பிரித்தானிய நூதனசாலை வாங்கிக்கொண்டது. இன்று ஒருவர் அதே பாறைச் சேர்க்கையை வேறெங்காவது கண்டால், எழுத்தில்லாமலே ஊரை ஊகிக்க வழியுண்டு.

நமது கல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இலங்கை இரத்தினங்களில் மிகப் பெரும்பாலானவை பாறையிலிருந்து உடைத்து எடுக்கப்பட்டவையல்ல. மலைநாட்டுப் பாறை கோடிக்கணக்கான வருடங்களாக உக்கிக் கரைந்து, பாரமான கற்கள் ஆற்றோடு இறங்கி, பள்ளத்தாக்குகளின் அடியில் ‘இல்லம்’ என்று சொல்லப்படும் சரளைப் படையாகத் தங்கின. குழி தோண்டி, இல்லத்தைக் கூடையில் அரித்து எடுக்கிறார்கள். ஒரே கூடையில் நீலமும் கோமேதகமும் கருங்கெம்பும் ஒன்றாக வரும். வரும்போதே அவை தாயைப் பிரிந்து, உருண்டு, மூலை மழுங்கி வந்தவை. ஆகவே குழியடியில் நின்றவர் சொல்லாவிட்டால் ஊரைச் சொல்ல வேறு சாட்சி மிகக் குறைவு.

நம் முன்னோர் இந்த விடயத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, தீவின் பல இடங்களிலும் மாணிக்கம் கிடைப்பதையும், நிலத்தை விலைக்கு வாங்கித் தோண்டுவதையும், குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட கல் அரசனுக்குப் போவதையும் குறித்திருக்கிறார். அரசன் அதற்கு விலை கொடுப்பான் என்றும் சொல்கிறார். அவர் வியாபாரியல்லர், பிரயாணி. ஆனாலும் நீரிலிருந்து எடுக்கும் கல்லையும் தோண்டி எடுக்கும் கல்லையும் பிரித்துக் காட்டுகிறார். நூதனசாலைகளின் பல அட்டைகளில் அவ்வளவுகூட இல்லை.

அவருக்கு மூன்று நூற்றாண்டு முந்தியவர் அல்பிரூனி. ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்ற அவரது நூல் இரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றியது. கூம்பு வடிவான பாத்திரத்தில் நீர் நிரப்பி, கல்லைப் போட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, கற்களின் அடர்த்தியை ஒப்பிட்டார் அவர். நீல யாகூத்தை 100 என்று வைத்தால், ‘லஃல்’ எனப்பட்ட பதக்ஷான் செங்கல் சுமார் 90 வந்தது. இன்றைய கணக்கிலும் நீலத்தின் அடர்த்தி 4.0, ஸ்பினல் என்று நாம் சொல்லும் அந்தச் செங்கல்லின் அடர்த்தி 3.6. விகிதம் அப்படியே பொருந்துகிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு சிவப்புக் கற்களும் வேறு வேறு என்பதை அவர் தராசால் நிறுவிவிட்டார். ஐரோப்பாவில் ரூபியும் ஸ்பினலும் தெளிவாகப் பிரிக்கப்பட்டது 1783இல், ரோமே த லீல் என்பவரால். பிரித்தானிய அரச முடியில் ‘கறுப்பு இளவரசரின் ரூபி’ என்று பெயர் தாங்கி இன்றும் இருப்பது ரூபியல்ல, ஸ்பினல்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அல்பிரூனியின் தராசு இனத்தைச் சொல்லியது. ஊரை அது சொல்லவில்லை. ஊரை அவர் அறிந்தது பிரயாணிகளிடமும் வியாபாரிகளிடமும் கேட்டுத்தான். லஃலின் சுரங்கம் ஒரு நிலநடுக்கத்தில் மலை பிளந்து வெளிப்பட்டது என்ற செய்தியையும் அப்படியே பதிந்து வைத்தார். கல்லைக் கேட்க வேண்டியதைக் கல்லையும், மனிதரைக் கேட்க வேண்டியதை மனிதரையும் கேட்ட அந்த முறைக்கு மேலாக இன்றும் புது முறை ஒன்றும் வந்துவிடவில்லை. கருவிகள்தான் கூர்மையாகியிருக்கின்றன.

கல்லின் மேலேயே எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். மொகலாய மன்னர்கள் அப்படித்தான் செய்தார்கள். ‘தைமூர் ரூபி’ என்ற 352 கெரட் ஸ்பினலில் ஜஹாங்கீர் தொடக்கம் பல ஆட்சியாளரின் பெயர்கள் பாரசீக எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் தைமூரின் பெயர் அதில் இல்லை. ‘ஸாஹிப் கிரான்’ என்ற பட்டம் தைமூரின் பட்டமாகப் புகழ்பெற்றது. பின்வந்தவர்களும் அதைச் சூடிக்கொண்டார்கள். பட்டத்தைக் கண்டவர்கள் தைமூரைக் கண்டுவிட்டார்கள். எழுத்து இருந்தும் பிழையாக வாசிக்கப்பட்ட கல் அது. அதன் எந்தப் பொறிப்பும் சுரங்கத்தின் பெயரைச் சொல்லவும் இல்லை. மன்னருக்குத் தேவைப்பட்டது உடைமை. ஊர் யாருக்கு வேண்டும்!

பொட்டலத்தின் பெயரே கல்லின் பெயராகிப்போன கதை துருமல்லியுடையது. ஒல்லாந்தர் காலத்தில், 1700களின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து ஒல்லாந்துக்குப் போன கற்களில் ஒரு வகை, சூடேறியதும் சாம்பலை இழுத்தது. அவர்கள் அதைச் ‘சாம்பல் இழுப்பான்’ என்றார்கள். ‘தோரமல்லி’ என்பது இந்நாட்டு வியாபாரிகள் கோமேதகம் முதலான பல கற்களுக்குப் பொதுவாக வழங்கிய சிங்களச் சொல். அது இந்த ஒரு கல்லோடு ஒட்டிக்கொண்டு ‘டூர்மலின்’ ஆகி, உலகக் கனிய நூல்களில் ஏறிவிட்டது. இன்றைய டூர்மலின் பிறேசிலிலும் ஆபிரிக்காவிலும் தாராளமாகத் தோண்டப்படுகிறது. பெயரில் மட்டும் இலங்கை இருக்கிறது.

இப்போது, ஊர் எழுதப்பட்ட கல்லுக்கும் எழுதப்படாத கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு சம்பவங்களால் காட்டலாம்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆய்வாளராகவே நம்மிற் பலர் அறிவோம். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவீட்டின் பணிப்பாளராக இருந்தவர். கண்டிப் பக்கத்தில் அம்பகோட்டைக்கு அருகே கங்காபிட்டியில் எடுத்த நீலநிறக் கனியமொன்றைப் பிரித்தானிய நூதனசாலையின் பிரயரோடு சேர்ந்து புது இனமென்று நிறுவினார். அதற்கு வைத்த பெயர் ‘செரண்டிபைட்’. அறபிகள் இத்தீவுக்கு வழங்கிய ஸரந்தீப் என்ற பெயரிலிருந்து எடுத்தது. நமது வரலாற்றின் ஒரு சொல் கனிய அட்டவணையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

பலாங்கொடைப் பக்கத்து இல்லத்தில் கூடையின் அடியில் தங்கும் கறுப்புச் சதுரக் கற்களை ஹொலண்ட் என்பவர் கவனித்து எடுத்தார். முதலில் அவற்றை யுரேனியக் கல்லென்று நினைத்தார்கள். 1904இல் இலண்டனில் டன்ஸ்டன் பகுப்பாய்ந்தபோது நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு இருந்தது. அதுவே தோரியனைட். இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளைஞர் ஒட்டோ ஹான், இந்த இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த பொருளில்தான் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஹான். இங்கே குழி தெரியும், எடுத்தவர் தெரியும், அனுப்பியவர் தெரியும். எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

மற்றது 1945இல் டப்ளின் நகரில் நடந்தது. ரிச்சர்ட் டாஃபே என்பவர் நகை வியாபாரியொருவரிடம் பழைய கற்கள் கிடந்த பெட்டியை அலசி, தமக்குப் பிடித்தவற்றை வாங்கினார். அதில் இளம் ஊதா நிறத்தில் 1.4 கெரட் கல்லொன்று ஸ்பினல் போலிருந்தது. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளிருந்த தூசும் பின்பக்க ஓரங்களும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியக்கூடாது. இலண்டன் ஆய்வுகூடத்தின் அண்டர்சனுக்கு அனுப்பினார். புது இனம்! பெரிலியமும் மகனீசியமும் அலுமினியமும் சேர்ந்தது. வெட்டிப் பட்டை தீட்டிய கல்லிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் கனியம் என்று டாஃபைட் பெயர் பெற்றது. அது எங்கே பிறந்தது என்று கேட்டால் பதில் இல்லை. நகைக்காரர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்ற சங்கிலி அறுந்துபோயிருந்தது. 1949இல் இலண்டனில் இரண்டாவது கல் கிடைத்தது. அதற்கும் ஊர் இல்லை. இலங்கைக் கற்பொதிகளிலிருந்து அதே இனம் பின்னர் அடிக்கடி வெளிப்பட்ட பிறகுதான், முதற் கல்லும் நம் நாட்டதாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. ‘இருக்கலாம்’ என்பதை அந்தக் கல்லிலிருந்து இனி யாராலும் அகற்ற முடியாது.

இதையெல்லாம் சொல்லி, வெள்ளைக்காரர் நமது பெயரை அழித்துவிட்டார்கள் என்று முறையிடுவது நமது கூட்டங்களில் வழக்கம். பாதி உண்மை. கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் மூடச் சொல்லிக் கேட்டார் என்ற செய்தியும் தெரியும். 1877இல் திறக்கப்பட்ட கட்டடத்தின் ஒப்பந்தக்காரர் பெயர் தாளில் இருந்தபடியால் நின்றது. கல் வியாபாரி பெயர் தாளில் ஏறவில்லை. ஏறாததற்கு வாங்கியவரின் அலட்சியம் ஒரு காரணம், விற்றவரின் கெட்டித்தனம் இன்னொன்று. எந்தக் குழியில் நல்ல கல் வருகிறது என்பதைப் பக்கத்துக் கடைக்காரனுக்குச் சொல்லும் வியாபாரி உண்டா? சீனன்கோட்டையில் ஆயுள் முழுதும் தரகு பார்த்த முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “கல்லுட பேரக் கேட்டா கல்லே செல்லும் மகன். ஊரக் கேட்டா கொண்டு வந்தவன்தான் செல்லோணும். அவன் செல்ல மாட்டான். செல்லியிருந்தா நானும் அவனுக்கு முந்திப் போயிருப்பன்” என்று சிரித்தார்.

இனி அந்தத் தகரப் பெட்டி. அதற்குரியவர் 1961இல் மௌத்தானவர். கல் வாங்கி விற்றதோடு, விற்காமல் ஆசைக்கு ஒதுக்கி வைத்ததும் உண்டு. யுத்தத்துக்கு முதல் இரண்டு தரம் ரங்கூன் போய்வந்தார் என்று வீட்டார் சொல்கிறார்கள். அவர் மறைந்த பின் பெட்டி பூட்டியே இருந்தது. பேரப்பிள்ளைகள் இப்போது பங்கிட நினைத்தார்கள். கற்களை நல்ல பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, பழைய தாள்களை எரிக்கத் தயாராக ஒரு பையில் போட்டிருந்தார்கள். நல்லவேளை, எந்தத் தாள் எந்தக் கல்லைச் சுற்றியிருந்தது என்பதை மூத்த மருமகள் நினைவில் வைத்திருந்தார். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தந்தார். அந்த வேலை நடக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை.

41 பொட்டலங்களில் 26இல் அறபுத்தமிழ் எழுத்து இருந்தது. ஒன்பதில் இலக்கம் மட்டும். ஆறில் ஒன்றுமே இல்லை. எழுத்திருந்தவற்றில் ஆள் பெயர், நிறை, ஹிஜ்ரி மாதம், சிலவற்றில் ஊர். ‘ஷஃபான் 1356’ என்றிருந்தால் 1937 ஒக்டோபர், நவம்பர். பொட்டலத்தின் வெளிச்சுற்று பெரும்பாலும் பத்திரிகைத் துண்டுகள். வாசிக்க முடிந்த திகதிகளில் பழையது 1934, பிந்தியது 1957. பத்திரிகைத் திகதியைக் கல் வந்த திகதியாகக் கொள்ளக்கூடாது. அந்தத் திகதிக்கு முன்னர் அந்தத் தாளில் பொதியப்படவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வீட்டில் கிடந்த பழைய பத்திரிகையையும் எடுத்துச் சுற்றியிருக்கலாம், பழைய பொட்டலத்தைப் பிரித்துப் புதுத் தாளில் மாற்றியும் இருக்கலாம்.

அவசரமாக எழுதிய அறபுத்தமிழை வாசிப்பது தனிப் பாடு. புள்ளியும் குறியும் விடுபட்டால் தமிழின் நெருங்கிய எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு பொட்டலத்தில் பேரன் ‘களவான கல்’ என்று வாசித்துவிட்டு முகம் கறுத்துப் போனான். அப்பா களவுக் கல் வாங்கியிருக்கிறாரே என்று வீட்டில் ஒரே குழப்பம். இரத்தினபுரி மாவட்டத்தில் கலவானை என்றோர் ஊர் உண்டு, கல்லுக்குப் பேர்போன ஊர் என்று நான் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. அதே கையெழுத்தில் மற்றப் பொட்டலங்களில் ஊர்ப்பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டபோது கலவானை என்பதே சரியென்று தெரிந்தது.

‘பலாங்கொடை, கறுப்பு, பாரம்’ என்று எழுதிய பொட்டலத்தில் பட்டாணி அளவில் நாலைந்து கறுப்புச் சதுரங்கள். கையில் எடுத்தவுடனேயே ஈயம்போல் கனத்தன. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நண்பரொருவர் கதிர்வீச்சு அளவிடும் கருவியைக் கொண்டு வந்தார். பெட்டிக்குக் கிட்ட வருமுன்பே அது கத்தத் தொடங்கியது. தோரியனைட். பெட்டி பல வருடங்கள் இருந்தது கட்டிலுக்கு அடியில். பழைய கல் வீட்டில் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்: அளவுக்கு மீறிக் கனக்கும் கறுப்புச் சதுரக் கல்லைப் படுக்கை அறையில் வைக்கவோ, பிள்ளைகளிடம் கொடுக்கவோ, அரைக்கவோ கூடாது. அந்தப் பொட்டலம் இப்போது வேறிடத்தில் இருக்கிறது.

மூன்று மண்ணிறக் கற்கள் ‘கிறிசொலைட்’ என்ற ஆங்கிலச் சீட்டோடு இருந்தன. பச்சைக் கல்லான பெரிடொட்டின் பழைய வியாபாரப் பெயர்களில் அது ஒன்று. பெரிடொட்டின் அடர்த்தி 3.34 அளவில் இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் 3.48. இந்த முரண்பாட்டின் வரலாறு சுவையானது. இலங்கையின் மண்ணிறப் ‘பெரிடொட்டுகள்’ உலகெங்கும் சேகரிப்புகளில் அதே பிழைப் பெயரோடு பல காலம் கிடந்தன. 1952இல் பிரித்தானிய நூதனசாலையின் கிளாரிங்புல்லும் ஹேயும் அவை மகனீசியமும் அலுமினியமும் போரனும் சேர்ந்த புது இனமென்று நிறுவி, ‘சின்ஹலைட்’ என்று பெயரிட்டார்கள். நம் பெட்டியில் இருந்தவையும் அதுவே. சீட்டில் பெயர் பிழை. ஆனால் அதே தாளில் அறபுத்தமிழில் எழுதிய ஊர் றக்குவானை. அதைப் பிழையென்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. பெயர் பிழைத்த சீட்டை வீசிவிட்டால் ஊரும் சேர்ந்து போய்விடும்.

‘ரங்கூன்’ என்ற பொட்டலத்தில் சின்னஞ்சிறு செங்கற்கள் வெள்ளைப் பாறையில் பதிந்திருந்தன. ஒரு சொட்டு அமிலம் விட்டதும் பாறை நுரைத்தது. சுண்ணப் பளிங்குப் பாறை. பர்மாவின் மொகொக் ரூபி பிறப்பது அப்படிப்பட்ட பாறையில்தான். இலங்கையிலும் சுண்ணப் பளிங்கு உண்டு என்பதால் பாறையை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது. பாறையும் எழுத்தும் வீட்டார் சொல்லும் பிரயாணமும் ஒன்றுக்கொன்று முரண்படாதபடியால் ‘பர்மா’ என்று எழுதினேன்.

நீலக் கற்கள்தான் பெரிய சோதனை. எழுத்தில்லாத பொட்டலங்களில் பெரும்பாலானவை நீலம். உருப்பெருக்கியில் நீண்ட மெல்லிய ஊசிகளும், திரவம் நிரம்பிய சிறு குழிவுகளும், கோமேதகத் துணுக்கைச் சுற்றிய ஒளிவட்டமும் தெரிந்தன. இலங்கை நீலத்துக்குப் பாடநூல்கள் சொல்லும் அடையாளங்கள். ஆனால் மடகஸ்கார் நீலமும் இதே அடையாளங்களைக் காட்டும். காரணம், பல கோடி வருடங்களுக்கு முன் இரண்டு நிலங்களும் ஒரே கண்டத்தில் அருகருகே இருந்து, ஒரே மாதிரியான வெப்பத்தையும் அழுத்தத்தையும் அனுபவித்தவை. 1998இல் மடகஸ்காரின் இலகாகாவில் நீலம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இலங்கை வியாபாரிகள் அங்கே போய் வாங்கிக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பேருவளையில் வாங்கிய நீலம் இலங்கைக் கல்லென்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எங்கள் பெட்டிக்கு இந்தச் சந்தேகம் பெரிதாக எழவில்லை. எழாததற்குக் காரணம் கல்லல்ல, 1961இல் விழுந்த பூட்டு.

ஆய்வுகூடங்கள் இன்று இதைவிட ஆழமாகப் போகின்றன. கல்லுக்குள் மிகச் சிறிதளவில் இருக்கும் இரும்பு, கலியம், வனேடியம் போன்றவற்றை அளந்து ஒப்பிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஜூலியானி என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு, பழைய மரகதங்களின் ஒட்சிசன் சமதானி விகிதத்தை அளந்தது. உரோமர் காலத்துக் காதணியொன்றின் மரகதம் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைக் காட்டியது. ஹைதராபாத் நிஜாமின் பொக்கிஷத்து மரகதங்கள், ‘பழைய சுரங்கக் கல்’ என்று ஆசியப் பெருமையோடு பேசப்பட்டவை, பெரும்பாலும் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலிருந்து வந்தவையென்று தெரிந்தது. ஒன்று ஆப்கானிஸ்தானைக் காட்டியது. ஆனால் இந்தக் கருவி ஒப்பிடத்தான் முடியும். ஊர் நிச்சயமாகத் தெரிந்த கற்கள் ஒரு பக்கம் வரிசையாக இருந்தால்தான், தெரியாத கல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கலவானை என்றும் றக்குவானை என்றும் எழுதிய தாள்களின் பெறுமதி அங்கேதான். 1937இல் கலவானைக் குழியிலிருந்து வந்த கல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, விலை குறைந்த கல்லாக இருந்தாலும், ஆய்வாளனுக்கு ஒரு அளவுகோல். இதைப் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தியபோது, மூத்தவர் கேட்ட ஒரே கேள்வி: “அப்ப சேர், தாளுக்கும் காசு ஈக்கா?” ஈக்கி என்றேன்.

கடைசிக் கணக்கு இது. 41 பொட்டலங்களில் எழுத்தைக் கொண்டு 19க்கு ஊர் கிடைத்தது. பெட்டியின் அடியில் பூச்சி தின்ற கணக்குக் கொப்பியொன்றும் இருந்தது. 112 முதல் 188 வரையான இலக்கங்கள் அதில் வாசிக்கக்கூடியதாக உள்ளன. இலக்கம் மட்டும் இருந்த ஒன்பது பொட்டலங்களில் நான்கு அந்தக் கொப்பியில் அகப்பட்டன. அவற்றில் மூன்றுக்கு ஊர் எழுதியிருந்தது: பெல்மதுளை இரண்டு, நிவித்திகல ஒன்று. ஆக 22. மிகுதி 19க்கும் ஊகத்தை ஊராக எழுத நான் சம்மதிக்கவில்லை. ‘எழுதப்படவில்லை’ என்றே போட்டேன். குடும்பத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இரத்தினபுரி என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு அட்டை எழுதி, பழைய தாளைக் கண்ணாடித் தாளுக்குள் வைத்து, கல்லோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டது. அறபுத்தமிழ் வரி, அதன் தமிழ் வாசிப்பு, ஹிஜ்ரிக்கு ஈடான ஆங்கிலத் திகதி மூன்றும் அட்டையில் உண்டு. வாசிப்பில் ஐயமுள்ள எழுத்தின் கீழ் கோடிட்டிருக்கிறேன். நாளை இன்னொருவர் வந்து வேறு விதமாக வாசிக்க மூலம் கைவசம் இருக்க வேண்டும். 203ஆம் இலக்கப் பொட்டலத்தின் அட்டை இப்படி இருக்கிறது: “நீலம், ஐந்து துண்டு, பட்டை தீட்டாதது. பிறந்த இடம் எழுதப்படவில்லை. பேருவளைக் குடும்பச் சேகரிப்பு, 1961க்கு முன்.” 188க்குப் பிந்திய இலக்கங்கள் இருந்த இரண்டாவது கொப்பி, அப்பாவின் தங்கச்சி வீட்டாரோடு தர்கா நகருக்குப் போனதென்று மருமகள் சொல்கிறார். அங்கே பழைய கிதாபுகள் அடுக்கிய அலுமாரி ஒன்று இருக்கிறதாம். பெருநாள் கழிந்து போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.